துணியின் கரையில் காரீய முத்திரை

பழைய மின்சார மீட்டரின் மூடியிலும், இரயில்வே சரக்கு வண்டியின் கதவிலும் கம்பியில் கோத்து நசுக்கிய சிறு காரீய வில்லையை நம் காலனி அன்பர் பலரும் கண்டிருப்பர். இடையில் எவரும் திறக்கவில்லை என்பதற்கு அது சான்று. இதே காரீயம் ஐரோப்பிய நகரங்களில் பல நூற்றாண்டுகள் இதனினும் அரிய பணியொன்றை ஆற்றியது. ‘இத்துணி அளவிலும் தரத்திலும் குறைவற்றது’ என்று, முகமறியாத வாங்குவோனுக்கு உறுதி கூறியது அதுவே.

முத்திரையிடும் முறை எளியது. சிறு பட்டையால் இணைந்த இரண்டு வில்லைகள். ஒன்றில் துளை, மற்றொன்றில் முளை. துணியின் கரையை நடுவில் வைத்து மடித்து, முளையைத் துணியினூடே துளையிற் செலுத்தி, இரண்டு அச்சுகளுக்கிடையே அழுத்துவர். முளை நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். அச்சிலுள்ள சின்னம் பதியும். பின்னர் வெட்டினாலன்றிக் கழற்ற இயலாது. காரீயம் மென்மையானது, மலிவானது. மூட்டை மூட்டையாகக் கப்பலேறும் துணியை முழம் முழமாக விரித்துப் பார்க்க எந்த வணிகனுக்குப் பொழுதுண்டு? அவன் கரையைப் பார்த்தான், முத்திரையைக் கண்டான், விலை பேசினான்.

ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க் நகரம் இதில் பெயர் பெற்றது. அங்கு லினன் பாவும் பருத்தி ஊடையும் கலந்து ‘ஃபஸ்டியன்’ என்னும் துணி நெய்தனர். பருத்தி கீழை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வெனிஸ் வழியாக வந்தது. எருது, சிங்கம், திராட்சைக் குலை என்ற சின்னங்களால் தரம் பிரித்தனர். எருது முதல் தரம். எழுத்தறியாதவனும் ஏமாறாத ஏற்பாடு அன்றோ! நகரச் சின்னமான தேவதாருக் காயைத் தாங்கிய ஆக்ஸ்புர்க் முத்திரைகள் இங்கிலாந்தின் மண்ணிலும் கிடைத்துள்ளன.

முத்திரையிட்டவர் எத்தகையவர்? ஓவிய மேதை ரெம்பிராண்ட் அவர்களை நமக்குக் காட்டியிருக்கிறார். 1662-இல் அவர் தீட்டிய ஓவியத்தில், ஆம்ஸ்டர்டாம் துணி வணிகர் கழகத்தின் தர ஆய்வாளர் ஐவர் மேசையைச் சூழ்ந்துள்ளனர். பின்னே பணியாளர் ஒருவர் நிற்கிறார். ஓராண்டுப் பதவி, வாரம் மும்முறை ஆய்வு. சாயமிட்ட துணியை மாதிரியோடு ஒப்பிட்டு, உயர்ந்த தரத்திற்கு நான்கு முத்திரையும் தாழ்ந்ததற்கு ஒன்றும் இட்டனர். ஐவரும் ஒரே சமயப் பிரிவினர் அல்லர்; கத்தோலிக்கரும் அவர்களுள் இருந்தனர். சமயப் பூசல் மிகுந்த அந்நூற்றாண்டில், துணியைப் பார்க்கும் மேசையில் அவர்கள் ஒன்றாக அமர்ந்ததே எனக்கு அவ்வோவியத்தின் பேரழகாகத் தோன்றுகிறது.

அவ்வோவியத்திற்கு நான்காண்டுகள் முன்னர், 1658-இல், டச்சுக் கம்பெனியார் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய கிடங்குகளிலும் துணி மாதிரியோடு ஒப்பிடப்பட்டது. ஆனால், இங்கே தீர்ப்புக் கூறியவர் வாங்குவோரே. குறை கண்டால் விலையைக் குறைத்தனர். அல்லது ஒதுக்கித் தள்ளினர். ஒதுக்கிய துணியின் நட்டம் ஒப்பந்த வணிகரைத் தாக்கி, இறுதியில் தறியடியில் இருந்தவனையே வந்தடைந்தது. ஆம்ஸ்டர்டாமில் விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே நின்ற ஐவர் மேசை, நம் நெசவாளனுக்கு அக்கிடங்குகளில் வாய்க்கவில்லை.

இங்கிலாந்தின் கதை வேறு. விற்பனைத் துணியின் அகலத்தை 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனமே வரையறுத்தது. அளந்து பார்த்து முத்திரையிட ‘ஆல்னேஜர்’ என்ற அதிகாரிகள் இருந்தனர். 1353-இல் அம்முத்திரையோடு வரியும் சேர்ந்தது. சாதாரண முழுத்துணி ஒன்றுக்கு 4 பென்னி. வரி வந்ததும் முத்திரையின் குணம் மாறலாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் இவ்வுரிமை பிரபுக்களுக்குக் குத்தகையாயிற்று. அவர்களுடைய முகவர் துணியைக் கண்ணாலும் பாராமல், முத்திரைகளை மொத்தமாக உற்பத்தியாளர்க்கே விற்றனர். கடைச் சரக்குப்போல் வாங்கிவந்த முத்திரையைத் துணியின் சொந்தக்காரனே தன் துணியிற் பதித்துக்கொண்டான்! போலி அச்சுகளும் உலாவின. 1724-இல் அம்முறையே ஒழிக்கப்பட்டது.

அத்துணிகள் மட்கி மறைந்தன. முத்திரைகளோ இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் சேற்றிலிருந்து இன்றும் வெளிப்படுகின்றன. சிலவற்றின் உட்புறத்தில், அன்று அழுத்தியபோது பதிந்த பாவும் ஊடையும் இழையிழையாகத் தெரிகின்றன. எங்கோ ஒரு தறியில் நெய்த துணியில் நமக்கு எஞ்சியிருப்பது அவ்வளவே.