மானியம் வந்த வழி: 1922 முதல் நம் ஓசூர் பட்டறை வரை

கொஞ்சம் நீளமான பதிவு. சிறுதொழில் செய்பவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள்.

சென்ற மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசும் அசல் ஓசூர்க்காரன். சிப்காட் பக்கம் நாலு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறான். எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். இனிமேல் பில், ஸ்டாக், பார்கோடு எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த நேரம் பார்த்து ஒரு போன். "டிஜிட்டல் மானியம் 5 லட்சம் சாங்ஷன் ஆகியிருக்கிறது. 18,000 ரூபாய் பிராசஸிங் கட்டணம் கட்டுங்கள்." கட்டிவிட்டான். மறுநாள் அந்த எண் அணைந்துவிட்டது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. "படிச்ச நானே ஏமாந்துட்டேன் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சரித்திர வாத்தியார். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் அரசாங்கம் சிறுதொழிலுக்கு எந்த வழியில் பணம் கொடுத்து வந்திருக்கிறது என்ற வரலாறு தெரிந்திருந்தால், அந்த போன் பொய் என்று அவனுக்கு அப்போதே பிடிபட்டிருக்கும். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சென்னை மாகாணத்தில் தொழில்களுக்கு அரசு உதவி செய்வதற்கென்றே ஒரு சட்டம் 1922-இல் வந்தது. கேட்டவருக்கெல்லாம் பணம் என்பதல்ல அதன் ஏற்பாடு. மனு, விசாரணை, கடன் என்பதே அதன் பாதை. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-இல் தேசிய சிறுதொழில் கழகம் தொடங்கியது. அது பணத்துக்குப் பதிலாக மெஷினையே தவணையில் கொடுத்தது. 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை, 1970-இல் சிட்கோ, 1971-இல் சிப்காட். இவை கொடுத்தது ஷெட்டும் மனையும் சாலையும்.

இனி நம் ஊர். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தொழிலில் பின்தங்கிய மாவட்டம் என்று அதற்குப் பெயர். பெங்களூரோ 40 கிலோமீட்டர்தான். பக்கத்தில் பெரிய நகரம், இந்தப் பக்கம் மலிவான நிலமும் அரசுச் சலுகையும். தொழிற்சாலைகள் எல்லைக்கு இப்பால் வந்ததற்கு இந்தக் கணக்கு முக்கியக் காரணம். பின்தங்கிய பகுதிகளில் தொழில் தொடங்கினால் முதலீட்டில் ஒரு பங்கை மானியமாகத் தரும் திட்டத்தை மத்திய அரசு 1971-இல் கொண்டுவந்தது. முதலில் 10 சதவீதம், 1973-இல் 15 சதவீதம். அந்தத் திட்டம் 1988-இல் நின்றது. அதற்குள் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் ஓசூருக்கு வந்துவிட்டன. அவற்றை நம்பித்தான் நம் பிள்ளைகளின் லேத் பட்டறைகள் முளைத்தன.

1978-இல் மாவட்டத் தொழில் மையங்கள் வந்தன. நம்மவர்கள் ஒரு கையெழுத்துக்காகத் தருமபுரிக்கு பஸ் ஏறிய காலம் அது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு தூரம் குறைந்தது.

கம்ப்யூட்டர் நம் பட்டறைக்குள் மேஜை வழியாக வரவில்லை, மெஷின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வந்தது. சி.என்.சி. என்கிறோமே, அதுதான். புதிய தொழில்நுட்ப மெஷின் வாங்க வங்கிக் கடனோடு சேர்ந்த மானியத் திட்டம் 2000-இல் தொடங்கியது. முதலில் 40 லட்சம் வரையிலான கடனுக்கு 12 சதவீதம். 2005-இல் ஒரு கோடி வரை 15 சதவீதம், அதாவது அதிகபட்சம் 15 லட்சம். வங்கியில் கடன் வாங்கியவனுக்கு இது கிடைத்தது. நகையை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் மெஷின் வாங்கியவனுக்குக் கிடைக்கவில்லை. அவனும் உழைத்தான், ஆனால் அவனிடம் காகிதம் இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மனம் வலிக்கும் இடம் இதுதான்.

மெஷினுக்குக் கொடுத்த அரசு, சாஃப்ட்வேருக்குக் கொடுக்க நெடுநாள் யோசித்தது. 2017-இல்தான் கிளவுட் வழியாகச் சாஃப்ட்வேர் பயன்படுத்தும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு லட்சம் வரை சலுகை என்று டிஜிட்டல் எம்.எஸ்.எம்.இ. திட்டம் வந்தது. 2024-இல், சிறு நிறுவனங்கள் ஓ.என்.டி.சி. தளத்தில் பொருள் விற்க உதவும் 'டீம்' திட்டம், 277 கோடி ரூபாயில். ஐந்து லட்சம் நிறுவனங்களைச் சேர்ப்பது இலக்கு, அதில் பாதி பெண்கள் நடத்துபவை. புதுக் கண்டுபிடிப்போடு வரும் ஸ்டார்ட்அப்களுக்கு விதைநிதி தனி. தமிழ்நாட்டில் டான்சீட், மத்திய அரசில் 2021 முதல் ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதி. பில் போடும் சாஃப்ட்வேர் வாங்குவதற்கு அதைக் கேட்க முடியாது.

இத்தனை வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் மூன்று பாடம் கிடைக்கிறது.

ஒன்று, மானியம் மனு போடாதவனைத் தேடி வராது. பெரும்பாலும் ரொக்கமாகக் கையிலும் வராது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (2008 முதல்) மானியத் தொகை மூன்று வருடம் வங்கியிலேயே இருந்து, பிறகு கடனில்தான் கழியும். போனில் "சாங்ஷன் ஆகிவிட்டது, பணம் கட்டு" என்றால் அது திருட்டு. உடனே 1930-க்கு அழையுங்கள்.

இரண்டு, உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இருக்கிறது. அதற்குக் கட்டணமே கிடையாது. அந்தப் பதிவும், ஒழுங்கான பில்லும், வங்கிக் கணக்கில் வரவு செலவும்தான் உங்கள் காகிதம்.

மூன்று, எல்லையில் இருக்கிறோம் என்பதை மறக்காதீர்கள். மாநில அரசின் மானியம் உங்கள் ஷெட் நிற்கும் மண்ணைப் பொறுத்தது. வாடிக்கையாளர் கர்நாடகத்தில் இருந்தாலும் ஷெட் ஓசூரில் என்றால் நீங்கள் போகவேண்டிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம். வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். வாங்கிய பிறகு போனால் பல திட்டங்களில் கதவு மூடியிருக்கும்.

அந்த மாணவன் 1930-இல் புகார் கொடுத்தான். பணம் இன்னும் வரவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டான். அந்தப் பெண் திட்டவில்லை. டிராயரில் கிடந்த பில்களை எல்லாம் மாதவாரியாக ஃபைல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் இருவரும் கிருஷ்ணகிரி போகிறார்கள்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சொன்னால் இன்னொருவன் தப்பிப்பான். நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுங்கள். எல்லோரும் நல்லா இருங்க.