மேசையில் இரண்டு பெட்டி

மெயின்பிரேம் காலத்து அலுவலக மேசையில் இருந்தது கணினி அல்ல, டெர்மினல். திரையும் விசைப்பலகையும்தான்; கணக்கெல்லாம் தொலைவிலுள்ள பெரிய கணினி போடும்.

அதில் இரண்டு சாதி. 1971-ல் வந்த ஐபிஎம் 3270, படிவம் முழுக்க நிரப்பி என்டர் தட்டும்வரை மெயின்பிரேமைத் தொந்தரவு செய்யாது. நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள் ஒரே இயந்திரத்தைப் பங்குபோட்ட வங்கிகளுக்கு இது எவ்வளவு நிம்மதி! 1978-ல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 நேரெதிர். தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தையும் அனுப்பிவிடும்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்ததும் மேசையில் இடத்தகராறு. ஒரே ஆளுக்கு இரண்டு திரையா? பிசியையே டெர்மினலாக நடிக்கவைக்கும் எமுலேட்டர்கள் பிறந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெர்மிட் அப்படியொன்று (பெயர் மப்பெட் தவளையுடையது). வாங்குபவர் விலையை மட்டும் பார்த்தால் போதாது, எதிர்முனைக் கணினி எந்த மொழி பேசுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். 3270-க்கு 24 கட்டளை விசைகள். முதல் பிசியிலோ பத்துதான். மீதியை எங்கே ஒளித்துவைப்பது?

பிறகு மேசைக்கு மேசை பிசி, மேசைக்கு மேசை வைரஸ், பராமரிப்புச் செலவு. 1999-ல் சன் நிறுவனம் ஹார்டு டிஸ்க் இல்லாத சன்ரே பெட்டியை விற்றது. மறுபடி பழைய டெர்மினல்தான், படம் காட்டும் திரையோடு!

டெக் 1998-ல் காம்பேக்கிடம் விலைபோனது. லினக்ஸில் டெர்மினல் ஜன்னல் திறந்தால் இன்றும் பெரும்பாலும் விடி100-ன் அதே அளவு: 80 எழுத்து, 24 வரி.