அப்பாவின் ஜனதா வாட்சும் வரவு நின்றுபோன கணக்கும்

அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை நம் வீடுகளில் கல்யாணமான ஆண்கள் பலர் கையில் எச்எம்டி வாட்ச் இருக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்டதாக இருக்கும், இல்லையென்றால் முதல் சம்பளத்தில் வாங்கியதாக இருக்கும். அந்த வாட்ச் இன்று நின்றுபோனால் ஸ்பேர் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? அதற்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் நம் ஊரில் நல்ல வாட்ச் என்றால் சுவிஸ் வாட்ச்தான். அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வாட்சும் சரி, ஸ்பேரும் சரி, ஒன்று லைசென்சில் வர வேண்டும், அல்லது கள்ளக்கடத்தலில் வர வேண்டும். இந்த நிலையில்தான், 1953-ல் இயந்திரங்கள் செய்வதற்காகத் தொடங்கிய அரசு நிறுவனமான எச்எம்டி, 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை வைத்தது. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று விரிந்தது.

ஜனதா வாட்ச் சாவி கொடுத்து ஓடுவது. 17 கல். நொடிக்கு 5 அடி, அதாவது ஒரு நாளைக்கு 4,32,000 அடி. ஒரே அடிப்படை மெஷினை டயலையும் கேஸையும் மாற்றிப் பல மாடல்களில் போட்டார்கள். ரிப்பேர்காரருக்கு இது பெரிய வசதி. சின்ன டவுனில் உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு தகர டப்பாவில் நாலைந்து மெயின் ஸ்பிரிங், சில பேலன்ஸ் ஸ்டாஃப், கொஞ்சம் சாவித் தண்டு வைத்துக்கொண்டால் ஊரில் உள்ள பாதி வாட்சுகளைச் சமாளித்துவிடலாம்.

அடி விழுந்தது குவார்ட்ஸ் வடிவத்தில். 1969 டிசம்பரில் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கே 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகள் வர ஆரம்பித்தன. எச்எம்டியும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் சந்தையைத் தக்கவைக்க முடியவில்லை. வருஷா வருஷம் நஷ்டம். கடைசியில் 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஸ்டாக் லெட்ஜரில் வரவு, பற்று, இருப்பு என்று மூன்று பத்தி இருக்கும். தொழிற்சாலை மூடியதும் வரவுப் பத்தி காலியாகிவிட்டது. பற்று மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. புதிதாக ஸ்டாஃப் வர வழியில்லாததால், செத்துப்போன இன்னொரு வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்று பிழைக்க ஒன்று கழிகிறது.

இது எனக்கே நடந்தது. பொன்முடி அடிவாரத்தில் வித்துராவில் வேலை பார்க்கும் நான் அப்பாவின் ஜனதாவை நெடுமங்காட்டில் காட்டினேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாரே, ஸ்டாஃப் ஒடிஞ்சு போயி. புதுசு கிட்டில்லா" என்றார். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் அச்சு அது. அதன் முனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அவர் சொன்ன வழியில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து, டயல் போய்த் துருப்பிடித்த ஒரு மெஷினை எடுத்தார். அதில் பேலன்ஸ் மட்டும் நன்றாக இருந்தது. சக்கரம், ஹேர் ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து அப்படியே மாற்றிப் போட்டார். வாட்ச் ஓடுகிறது. அந்தப் பெரியவருக்குப் பிறகு அந்த டப்பா யார் கைக்குப் போகும், அதில் எது எதற்குச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கவலை அதுதான். பொருளோடு சேர்ந்து அந்த அறிவும் கழிந்துகொண்டிருக்கிறது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினில் குத்தியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் (பல ஜனதாக்களில் 0231 என்று இருக்கும்). ஸ்பேர் தேட டயலில் உள்ள பெயரைவிட இந்த எண்தான் முக்கியம். சுவிஸ் வாட்ச் என்றால் மெஷினின் விட்டத்தை "லீன்" கணக்கில் கேட்பார்கள். ஒரு லீன் சுமார் 2.256 மில்லிமீட்டர். ஸ்பேருக்காக வாங்கும் பழைய வாட்சின் டயல் பளபளவென்று இருந்தால் மயங்க வேண்டாம், புதிதாகப் பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் மெஷின்.

எல்லாவற்றுக்கும் மேலாக, லீவில் ஊருக்குப் போகும்போது பீரோவில் கிடக்கும் ஓடாத வாட்சைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் பக்கத்து வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்துவிடுங்கள். யாரோ ஒருவருடைய அப்பாவின் வாட்சுக்கு அதில் ஒரு ஸ்டாஃப் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பீரோவில் என்ன வாட்ச் இருக்கிறது, சொல்லுங்களேன்.