வாவிக் கரையும் தாய்மார் உயிரும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலை அடுத்த கிழக்குப் பக்கம் எழுவான்கரை. வயலும் காடும் செறிந்த மேற்குப் பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள் இவை. நெல் மிகுதியாக விளைந்தது படுவான்கரையில்; பெரிய வைத்தியசாலைகள் அமைந்ததோ எழுவான்கரையையும் நகரத்தையும் அண்டி.

இடையே கிடந்த நீர்ப்பரப்பு மீனவருக்கு வாழ்வளித்தது. பிரசவ வேதனைப்பட்ட பெண்ணுக்கோ அது தடையாய் நின்றது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே உள்ளது போன்ற துறைகளில் ‘பாதை’ எனப்படும் மிதவையே மக்களைக் கரை சேர்த்தது. பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். காற்று மிகுந்தால் மேலும் காத்திருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றின் பின் உண்டாகும் பெருங்குருதிப்போக்கு அவ்வாறு காத்திருப்பதில்லை. தக்க சிகிச்சை கிட்டாவிடின் இரண்டு மணி நேரத்துள் உயிரைக் கவர வல்லது அது.

இங்ஙனம் ஒரு தாய் இறந்தால், ‘விதி முடிந்தது’ என்று ஆறுதல் கொள்வது ஒரு வழக்கம். கையில் அகப்பட்ட ஒருவர்மீது பழி சுமத்துவது மற்றொரு வழக்கம். இவ்விரண்டும் அடுத்த தாயைக் காப்பதில்லை. இறப்பின் காரணத்தைப் பொறுமையாய் ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம் வழி செய்வதே மூன்றாவது நெறி.

இந்நெறிக்கு வியன்னா நகரில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்குள்ள பெரிய வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவிச்சிகள் பயின்ற பிரிவைவிட, வைத்திய மாணவர் பயின்ற பிரிவிலே தாய்மார் மிகுதியாய் இறந்தனர். பிரேத பரிசோதனையில் கத்திக் காயம்பட்ட நண்பர் ஒருவரின் மரணத்தை ஆராய்ந்த செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணவறையிலிருந்து வரும் கைகளே நோயைக் கொணர்கின்றன என்று உணர்ந்தார். 1847ஆம் ஆண்டில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவுமாறு அவர் விதித்ததும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் தம் கைகளே காரணம் என்பதை ஏற்க வைத்தியர் பலர் மறுத்தனர். குற்றம் சாட்டப்பட்டோம் என்று எண்ணுவோர் உண்மையைக் காண விரும்பார் என்பதும் அவ்வரலாறு தரும் பாடமாகும்.

இலங்கையில் 1879ஆம் ஆண்டு கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தோன்றியது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமந்தோறும் செல்லும் ஏற்பாடு அதன்பின் படிப்படியாகப் பரவியது. 1930களில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை 40க்கும் கீழாயிற்று. மலேரியாவின் வீழ்ச்சி, பெண் கல்வி, இலவச வைத்தியம் எனக் காரணங்கள் பல. ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவித்து ஆராயும் முறையும் அவற்றுள் ஒன்றாகும்.

அவ்வாராய்வில் கிராமத்து மருத்துவமாது முதல் நிபுணர் வரை ஒருங்கே அமர்வர். குற்றவாளி யார் என்பதன்று, எங்கே தவறிற்று என்பதே அங்கு எழும் வினா. தடியஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் தாமதங்களை மூன்றாக வகுத்தனர். புறப்பட முடிவு செய்வதில் தாமதம், வழியில் தாமதம், வைத்தியசாலையை அடைந்த பின் சிகிச்சை பெறுவதில் தாமதம். வாவிக் கரையில் இம்மூன்றையும் தெளிவாகக் காணலாம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் இரண்டாவதை மேலும் கடுமையாக்கியது. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் அதனைக் குறைத்தது.

மூன்றாவது தாமதத்தை எந்தப் பாலமும் நீக்காது. அங்கே காவலாய் நிற்பவர் தாதியே. குருதி இழக்கும் தாய்க்கு நாடி முதலில் விரையும். குருதியழுத்தம் பெரும்பாலும் பின்னரே வீழும். குறித்த நேரத்தில் நாடியை எண்ணி எழுதும் தாதி, அபாயத்தை முன்னரே அறிகின்றார். இழந்த குருதியைக் கண்மதிப்பால் அன்றி அளந்து குறிப்பதும், பணிமாறும் வேளையில் நோயாளியின் நிலையை அடுத்தவருக்குத் தெளிவாய் ஒப்படைப்பதும் அத்தகைய காவல்களேயாம்.

ஒரு தவறு நேர்ந்தபோது தண்டனை ஒன்றே காத்திருக்குமாயின் தாதியின் ஏடு மௌனமாகிவிடும், குறை மறையும், மறைந்த குறை மற்றோர் உயிரைக் கொள்ளும். வேண்டுமென்றே கடமை தவறியோரைச் சட்டம் கேட்கட்டும். இரவு முழுதும் பல கட்டில்களைத் தனியொருவராய்க் கவனித்துச் சோர்ந்த தாதியிடம் கேட்க வேண்டிய வினா வேறு: அவருக்குத் துணை ஏன் இல்லை என்பதே அது.

தாயை இழந்த வீட்டுக்கு எந்த ஆராய்ச்சியும் அவளை மீட்டுத் தராது. எனினும், அவள் ஏன் இறந்தாள் என்று உண்மையாய்க் கேட்டுத் திருத்தம் செய்தால், அதே வாவியைக் கடந்து வரும் அடுத்த பெண் குழந்தையோடு வீடு திரும்புவாள்.