வல்காரிஸ்னா கெட்ட வார்த்தையா?

ப்ளஸ் டூ படிக்கிறப்ப என் மூஞ்சியில இலந்தப்பழத்தைக் கொட்டி வச்ச மாதிரி பரு. டாக்டர் சீட்டுல 'ஆக்னே வல்காரிஸ்'னு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமா அதை வாங்கிப் படிச்சுட்டு, கூடத்துல எல்லார் முன்னாலயும் "வல்கரா? என்னடா பண்ணித் தொலைச்ச?"ன்னு கேட்டார். அம்மா எழுந்து அடுக்களைக்குள்ள போயிட்டாங்க. சீட்டைக் கிழிச்சுப் போட்டேன், ஒரு வருஷம் மருந்துக்கடைப் பக்கமே போகலை. கன்னத்துல இப்ப இருக்கிற குழிகள்ல பாதி அந்த வருஷத்துக் கணக்கு.

வல்காரிஸ் என்றால் லத்தீனில் 'பொதுஜனத்துக்கு உரியது', அதாவது சாதாரணமாக எல்லாருக்கும் வருவது. அவ்வளவுதாங்க. கையில் வரும் சாதாரண மருவுக்குக் கூட வெருக்கா வல்காரிஸ் என்றுதான் பெயர். பொதுஜனம் என்றாலே மட்டம் என்று நினைத்த கனவான்கள் பிற்பாடு இங்கிலீஷில் அந்தச் சொல்லைக் கெடுத்தார்கள். மாமாவுக்குத் தெரிந்தது அந்தக் கெட்டுப்போன அர்த்தம் மட்டும்.

இந்த ஒரு வார்த்தையைத் தோண்டப் போய் மற்றதிலும் மாட்டிக்கொண்டேன்.

ஆக்னே என்ற சொல்லே ஒரு எழுத்துப்பிழை என்பதுதான் பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம். 6-ஆம் நூற்றாண்டில் அமிடா ஊர்க்காரர் (இன்றைக்குத் துருக்கியின் தியார்பக்கிர்) ஏட்டியஸ் என்ற வைத்தியர் கிரேக்க மொழியில் ஒரு பெரிய மருத்துவத் தொகுப்பு எழுதினார். அதில் 'அக்மே' என்று இருக்க வேண்டியது ஏடு பெயர்க்கும்போது 'அக்னே' ஆகிவிட்டதாம். அக்மே என்றால் முனை, உச்சி. வாலிபத்தின் உச்சி என்றும் பொருள் உண்டு. சுஸ்ருத சம்ஹிதையிலும் இதே பார்வைதான்: வாலிபர் முகத்தில் இலவமரத்து முள் போல எழும்புவது, பெயர் முகதூஷிகா, முகத்தைக் கெடுப்பது. நம்ம 'பரு'வும் 'பருவ'மும் ஒலியில் ஒட்டுகின்றனவே தவிர, பரு என்பது பருத்தலோடு சேர்ந்தது. சொந்தக்காரர்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்!

ரோமில் முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ், இதற்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதே கிட்டத்தட்ட அசட்டுத்தனம், ஆனால் பெண்கள் அழகைப் பற்றிய கவலையை விடமாட்டார்களே என்று சலித்துக்கொண்டுதான் மருந்து சொல்கிறார். அப்படியே எங்க மாமா.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை கரும்புள்ளியோடது. அதன் மருத்துவப் பெயர் காமிடோ; லத்தீனில் 'தின்று தீர்ப்பவன்'. உடம்பைத் தின்னும் புழுவுக்கு அப்படிப் பெயர். பிதுக்கினால் வெள்ளையாக நீளமாக, கறுப்புத் தலையோடு வருதில்லையா, அதைப் புழு என்றே நம்பினார்கள். வேடிக்கை என்னன்னா, 1842-ல் பெர்லினில் குஸ்டாவ் சைமன் பருவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் போய் நிஜமாகவே ஒரு உயிரைப் பிடித்தார். புழு இல்லை, எட்டுக்கால் உண்ணி, கால் மில்லிமீட்டர் சொச்சம் நீளம். அடுத்த வருஷம் ரிச்சர்ட் ஓவன் அதற்கு டெமொடெக்ஸ், 'கொழுப்புப் புழு' என்று பெயர் வைத்தார். உங்க முகத்திலும் இருக்கலாம், பயப்படாதீங்க. கரும்புள்ளிக்கு அது காரணமில்லை. அங்கே அடைத்திருப்பது தோலின் எண்ணெயும் செத்த செல்களும். அந்தக் கறுப்பும் அழுக்கில்லை. மெலனின் நிறமியும், காற்றுபட்டு எண்ணெய் நிறம் மாறுவதும்தான். அத்தை பேச்சைக் கேட்டு ஒரு நாளைக்கு அஞ்சு தடவை சோப்பு போட்டுத் தேய்ச்ச எனக்கு இதை அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்.

பெயர்களை ஒழுங்குபடுத்தியவர் லண்டனின் ராபர்ட் வில்லன். கொப்புளமா, சீழா, செதிலா, கட்டியா என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்து தோல் நோய்களை எட்டு வரிசையாகப் பிரித்தார். 1812-ல் அவர் இறந்தபிறகு சீடர் தாமஸ் பேட்மன் 1813-ல் முழுமையாக வெளியிட்டார். 'ஆக்னே ரோசேஷியா' அதில்தான் வருகிறது. இப்போது ரோசேஷியா தனி நோய். அதில் கரும்புள்ளி இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு தடவினால் இரண்டுமே மோசமாகும்.

குளோராக்னே இன்னொரு தப்புப் பெயர். 1899-ல் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர், தொழிற்சாலை ஆட்களின் பருக்களுக்குக் குளோரின் வாயுதான் காரணம் என்று நினைத்து வைத்தது. உண்மையில் டையாக்ஸின் மாதிரி குளோரின் சேர்ந்த கூட்டுப்பொருட்கள்தான் காரணம். 2004-ல் விஷம் வைக்கப்பட்ட உக்ரைனின் யுஷ்செங்கோ முகம் ஞாபகம் இருக்கா? அதுவேதான். யூதரான ஹெர்க்ஸ்ஹைமரை 81 வயதில் நாஜிகள் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942-ல் அங்கேயே இறந்துபோனார். அவர் வைத்த பெயர் மட்டும் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது.

போன மாசம் தங்கச்சி மகள் ஒரு சீட்டை நீட்டி, "பெரிய மாமா, இது என்ன?"ன்னா. அதே ரெண்டு வார்த்தை. அர்த்தம் சொல்லிட்டு, கையோட மருந்துக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்.