யூத சிந்தனையில் நன்றியும் துன்பமும்

யூதர் என்னும் பெயரே நன்றியுணர்வோடு பிணைந்தது. லேயாள் தன் நான்காம் மகனுக்கு யூதா எனப் பெயரிட்டது இறைவனைத் துதிக்கும் பொருட்டே என ஆதியாகமம் கூறும். அம்மகனின் பெயரே பின்னர் ஓர் இனத்தின் பெயராயிற்று. ஆயின், அவ்வினம் வரலாற்றில் அனுபவித்த இன்னல்களை நோக்கும் எவருக்கும், நன்றி கூற இம்மக்களுக்கு என்ன இருந்தது என்னும் வினா எழுதல் இயல்பே.

கி. பி. 70இல் உரோமப் படைகள் எருசலேம் ஆலயத்தை அழித்தன. 132 முதல் 135 வரை பார் கொக்பாவின் தலைமையில் நிகழ்ந்த கிளர்ச்சியும் இரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டது. ஆலயமும் அரசும் இழந்த மக்களுக்குச் சட்டமே நாடாயிற்று. கி. பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, நன்மை நேர்ந்தபோது இறைவனைத் துதிப்பது போலவே தீமை நேர்ந்தபோதும் துதித்தல் கடமை என விதித்தது. நற்செய்தி கேட்டவன் இறைவனின் நன்மையைப் போற்றுவான். துயரச் செய்தி கேட்டவன் அவனது நீதியைப் போற்றுவான். இரு துதிகளும் வேறானவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தீமையை நன்மை என்று அழைக்கும்படி சட்டம் கேட்கவில்லை.

இருப்பினும், இத்தகைய போதனை ஆளுவோருக்கு உவப்பானதே. உழைப்பவன் பொறுமையைப் பேணினால் உடைமையாளனுக்கு வேறு காவல் எதற்கு? இவ்வாபத்தை யூத அறிஞர் உணராதிருக்கவில்லை என்பதற்குத் தல்மூத் சான்று பகர்கின்றது.

மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோகனான், நோயுற்ற ஹியா பார் அபாவைக் காணச் சென்றார். இத்துன்பங்கள் உமக்கு உவப்பானவையா என வினவினார். துன்பமும் வேண்டாம், அதற்குரிய பலனும் வேண்டாம் என்பதே நோயாளியின் விடை. யோகனான் அவரைக் கண்டிக்கவில்லை, கைகொடுத்து எழுப்பினார். பின்னர் யோகனானே நோயுற்றபோது அவரை எழுப்பவும் இன்னொருவரின் கை தேவைப்பட்டது. சிறைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள இயலாது என்பது இதற்குத் தல்மூத் தரும் விளக்கமாகும்.

அதே தல்மூத், துன்புறுவோனிடம் சென்று, உன் பாவமே இதற்குக் காரணம் என யோபுவின் நண்பர்களைப் போலப் பேசுவதைச் சொல்லாற் செய்யும் கொடுமை எனத் தடுத்தது. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. கொடாவிடின் அவன் இறைவனிடம் முறையிடுவான். பழி கொடாதவனைச் சேரும். இங்கே கூலியாளின் பொறுமை போற்றப்படவில்லை. அவனது முறையீடே மதிக்கப்படுகின்றது. தன் துன்பத்தை ஏற்பது ஒருவனின் உரிமையாகலாம். பிறனுடைய துன்பத்தை அவனுக்காக ஏற்றுக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை.

இச்சிந்தனை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது வார்சோவிலேயாகும். 1939 செப்டெம்பரில் நாஜிகளின் குண்டுவீச்சுக்குத் தம் ஒரே மகனைப் பறிகொடுத்த ரபி கலோனிமுஸ் கல்மன் ஷபிரா, 1942 வரை அங்கே தம் மக்களுக்குப் பிரசங்கம் செய்துவந்தார். இத்துன்பங்களும் முன்னோர் கண்டவை போன்றவையே என முதலிற் கூறினார். பெருந்தொகையான மக்கள் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னர், 1942இன் இறுதியில், இதற்கு ஒப்பான கொடுமை முன்னெப்போதும் நிகழ்ந்ததில்லை எனத் தம் பழைய பிரசங்கத்தின் ஓரத்திற் குறித்தார். நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. ஆனால் உண்மையை மறைத்து அந்நம்பிக்கையைக் காக்கவும் அவர் முற்படவில்லை.

1943இல் அவர் கொல்லப்பட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியோ, இடதுசாரி வரலாற்றாசிரியரான இமானுவேல் றிங்கெல்புளூமின் குழுவினர் மண்ணுட் புதைத்த ஆவணங்களோடு பிழைத்தது. 1950இல் மீட்கப்பட்டு, 1960இல் நூலாயிற்று. றிங்கெல்புளூமும் 1944இற் கொல்லப்பட்டார். இறைவனிடம் முறையிட்டவரின் சொற்களை, வரலாற்றிடம் முறையிட்டவர்கள் காத்துத் தந்தனர். துன்பத்தைச் சகித்தல் பெருமையாயிருக்கலாம். அத்துன்பத்தை விளைவித்தவனின் பெயரை மறவாது எழுதிவைத்தலும் அம்மரபின் பெருமையே என்பதை நாம் மறத்தலாகாது.