பற்றிடமும் செய்தியும்

விலங்குடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. அக்கலங்கள் சிதறாது ஒருங்கு நிற்றல் எங்ஙனம் என்னும் வினா நெடுநாள் ஆராயப்பட்டது. 1907 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்சன் கடற்பஞ்சொன்றை நுண்ணிய பட்டுத்துணியூடாகப் பிழிந்து தனிக்கலங்களாகப் பிரித்தார். பிரிந்தவை மீண்டும் கூடிக் கடற்பஞ்சாயின. கூடும் ஆற்றல் கலங்களிடத்தேயே உண்டென்பது இதனால் விளங்கிற்று. ஆயினும், பற்றுதல் என்பது கல்லோடு கல்லைப் பிணைக்கும் சாந்து போன்றதே எனும் கருத்துப் பின்னரும் நீடித்தது.

1971 இல் அபர்குறொம்பியும் அவர்தம் துணைவரும், ஊர்ந்து செல்லும் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கினர். கலம் தரையை முழுவதும் தழுவாது, சிற்சில இடங்களிலேயே நெருங்கிப் பற்றுவதையும், அவ்விடங்களில் உள்ளிழைகள் வந்து முடிவதையும் கண்டனர். அப்பற்றிடங்களில் உள்ள புரதங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன: 1979 இல் விங்குலின், 1983 இல் தலின். கலமென்சவ்வை ஊடுருவிப் புறத்தையும் அகத்தையும் இணைக்கும் புரதத்துக்கு 1986 இல் இன்ரெகிரின் எனப் பெயரிடப்பட்டது.

மற்றொரு வழியில் புற்றுநோயாராய்ச்சியும் இவ்விடத்தையே வந்தடைந்தது. 1911 இல் பெயிற்றன் றௌசு ஆராய்ந்த கோழிக்கட்டியின் வைரசில் சார்க்கு எனும் நொதியம் உண்டு. அது புரதங்களிலுள்ள தைரோசினிற் பொசுபேற்றைச் சேர்ப்பது என 1980 இல் அறியப்பட்டது. 1992 இல் பற்றிடத்துக்கே உரிய குவியப்பற்றுக் கைனேசு எனும் நொதியம் வெளிப்பட, இரு வழிகளும் ஒன்றாயின.

நிகழ்வது இதுவே. புறப்பொருளைப் பற்றிய இன்ரெகிரின்கள் ஓரிடத்திற் குழுமுகின்றன. அங்கு வந்து சேரும் குவியப்பற்றுக் கைனேசு தன் 397 ஆம் இடத்துத் தைரோசினிற் பொசுபேற்றை ஏற்கின்றது. அதனைப் பற்றிக்கொண்டு சார்க்கு இயங்குகின்றது. இருந்து வாழ்க, ஊர்க, பிரிந்து பெருகுக என்னும் ஏவல்கள் இவ்வழியே உட்செல்கின்றன. விசையும் ஒரு செய்தியே: இழுக்கப்பட்ட தலின் விரிந்து, மறைந்திருந்த விங்குலின் பற்றிடங்களைக் காட்டுமென 2009 இல் நிறுவப்பட்டது.

இச்செய்தி அற்றால் யாதாகும்? பற்றிழந்த மேலணிக்கலங்கள் தாமே மாய்கின்றன என்பது 1994 இல் எடுத்துக்காட்டப்பட்டது. வீடின்மை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அது அனோயிக்கிசு எனப்பட்டது. தன்னிடம் நீங்கிய கலம் வேற்றிடத்திற் குடியேறாவண்ணம் உடலைக் காப்பது அம்முடிவு. புற்றுக்கலமோ பற்றில்லாத போதும் பற்றுள்ளதுபோற் பொய்ச்செய்தி பெற்று உயிர்தாங்கி, உடலெங்கும் பரவுகின்றது. சாந்தென எண்ணப்பட்டது, உண்மையில் வாழ்வையும் சாவையும் தீர்க்கும் வாயிலாகும்.